பொன் கேட்டதா வீக்கம்?

நோய்களுக்குப் பெயர் சூட்டுவதில் நம்மவர் காட்டியுள்ள கற்பனை வளம் கொஞ்சநஞ்சமன்று. உடலெங்கும் கொப்புளம் கண்டால் அது நோயன்று. 'அம்மை' - அதாவது, அன்னை எழுந்தருளியிருக்கிறாள்! செவியடியில் வீக்கம் கண்டால் அதுவும் நோயன்று; 'பொன்னுக்கு வீங்கி' - அதாவது, பொன்னை விரும்பி, பொன்னைக் கேட்டு எழுந்த வீக்கம்! கேட்டதைக் கொடுத்தால் தணிந்துவிடும். தங்கச் சங்கிலி ஒன்றைக் கழுத்தில் பூட்டினால் வடிந்துவிடும் என்கின்றனர். காரணமும் பெயருக்குள்ளேயே, மருந்தும் பெயருக்குள்ளேயே! பிறகு மருத்துவக் கல்லூரி எதற்கு? ஆய்வுக்கூடம் எதற்கு? ஊருக்கு ஒரு நகைக்கடை இருந்தால் போதுமன்றோ!

சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டலாம் என்று தோன்றும். "சாதி இருக்கிறது, சடங்கு இருக்கிறது, சோதிடம் இருக்கிறது, இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரு வீக்கத்தையும் ஒரு சங்கிலியையும் பற்றியா எழுதுவது?" என்று கேட்கும் இளந்தோழர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரிய மடமைகளை எதிர்த்து மேடை ஏறிவிடலாம், கூட்டமும் கைதட்டும். சிறிய மடமையோ அடுக்களையில் இருக்கிறது. தாயின் அன்போடு கலந்து, பாட்டியின் பரிவோடு குழைந்து வருகிறது. 'போட்டால் என்ன கெட்டுவிடும்?' என்ற ஒரே கேள்வியைக் கேடயமாக வைத்துக்கொண்டு, நம் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இக்கட்டுரை.

* * *

முதலில், வீங்குவது எது என்று பார்ப்போம்.

நம் வாயில் உமிழ்நீர் ஊறுவதற்கென்றே மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகள் உள்ளன. செவிக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தில் படர்ந்திருப்பது செவியடிச் சுரப்பி; தாடையெலும்பின் கீழே இருப்பது தாடைக்கீழ்ச் சுரப்பி; நாவுக்கு அடியில் இருப்பது நாவடிச் சுரப்பி. இவையன்றி உதட்டிலும், கன்னத்தின் உட்புறத்திலும், அண்ணத்திலும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் உள்ளன. எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் தருகின்றன. உண்ணும் சோற்றை நனைப்பது, மாவுப்பொருளைச் சிதைக்கத் தொடங்குவது, பல்லைக் காப்பது, வாயில் சேரும் கிருமிகளைக் கழுவிவிடுவது - இத்தனையும் அதன் பணி.

செவியடிச் சுரப்பியிலிருந்து வரும் குழாய், மேல்வரிசை இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு நேரே கன்னத்தின் உட்புறம் திறக்கிறது. டென்மார்க் நாட்டு இளைஞர் நீல்ஸ் ஸ்டென்சன், 1660 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் ஆட்டின் தலையை அறுத்து ஆராய்ந்தபோது இக்குழாயைக் கண்டார். இன்றளவும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அறுத்துப் பார்த்தவனுக்குக் குழாய் தெரிந்தது. அறுத்துப் பார்க்க அஞ்சியவனுக்குத் தெய்வம் தெரிந்தது!

இச்சுரப்பிகள் அழற்சியுற்று வீங்குவதற்குக் காரணங்கள் பல. நச்சுயிரி, அதாவது வைரஸ், புகுந்து வீங்கலாம். பாக்டீரியாக் கிருமி பெருகிச் சீழ் கட்டலாம். குழாயைக் கல் அடைக்கலாம். உடலின் தற்காப்புப் படையே தடம்மாறித் தன் சுரப்பியைத் தாக்கலாம். அழற்சியே இன்றிக் கட்டி வளர்ந்தும் அந்த இடம் பருக்கலாம். காரணங்கள் வேறு வேறு. எனவே மருத்துவமும் வேறு வேறு. நம் நாட்டு வழக்கத்திலோ எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே சங்கிலி!

இவற்றுள் பிள்ளைகளிடையே மிகுதியாகக் காணப்படுவது வைரஸால் வரும் வீக்கம். பொன்னுக்கு வீங்கி என்றும், புட்டாளம்மை என்றும், ஈழத்தில் கூகைக்கட்டு என்றும் அழைக்கப்படுவது இதுவே. கி.மு. 5 ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் இப்போக்ரட்டீசு, தாசோஸ் தீவில் இந்நோய் பரவியதைக் குறித்து வைத்தார். செவிகளை ஒட்டி வீக்கம் கண்டதையும், மற்போர்க் கூடங்களில் பழகிய இளைஞரை அது மிகுதியாகத் தாக்கியதையும், சிலருக்கு விதைப்பையும் வீங்கியதையும் அவர் எழுதினார். எந்தத் தெய்வத்தின் மீதும் பழி போடவில்லை. எந்த உலோகத்தையும் பரிந்துரைக்கவில்லை. கண்டதைக் கண்டவாறு எழுதினார்.

கூடிப் பழகும் இடத்தில் நோய் பரவுகிறது என்ற அந்தக் குறிப்பின் பொருள் விளங்க இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1934 ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஜான்சன், குட்பாஸ்ச்சர் என்னும் இருவர், நோயாளிகளின் உமிழ்நீரை எடுத்து, பாக்டீரியா புகமுடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, குரங்குகளின் செவியடிச் சுரப்பிக் குழாயில் செலுத்தினர். குரங்குகளுக்கும் அதே வீக்கம் வந்தது. வடிகட்டியைத் தாண்டி வந்த அந்த நுண்பொருளே வைரஸ் என்பது தெளிவாயிற்று. தும்மலிலும் இருமலிலும் தெறிக்கும் துளிகள் வழியே, ஒருவர் குடித்த குவளையில் மற்றவர் குடிப்பதன் வழியே அது பரவுகிறது. உட்புகுந்து பெரும்பாலும் 16 முதல் 18 நாள் கழித்தே வீக்கம் தோன்றும். வீக்கம் தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, தோன்றி ஐந்து நாள் வரை பிறருக்குத் தொற்றக்கூடும். சிலருக்கு வீக்கமே வாராது. ஆனால் அவர்களாலும் நோய் பரவும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முதல் பத்து நாளில் வீக்கம் தானாகவே வடிந்துவிடும். தங்கம் போட்டாலும் வடியும். தகரம் போட்டாலும் வடியும். ஒன்றும் போடாவிட்டாலும் வடியும். தங்கம் புகழ் பெற்ற இரகசியம் இவ்வளவே! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். இங்கே காக்கை பொற்காக்கை. அதனால் பழமும் அதன் பெயரிலேயே பதிவாகிவிட்டது.

* * *

இதை ஏட்டில் படித்து மட்டும் நான் எழுதவில்லை.

1974 ஆம் ஆண்டு. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எங்கள் குடிசை. எனக்குப் பத்து வயது; தங்கைக்கு ஆறு. ஒரு காலை, அவள் இடப்பக்கக் கன்னம் உப்பிற்று. மறுநாள் வலப்பக்கமும் உப்பிற்று. காய்ச்சல் கண்டது. புளிச்சோறு வாயில் பட்டதும் கதறினாள். புளிப்பு, உமிழ்நீரைச் சுரக்கச் செய்வதால் வீங்கிய சுரப்பியில் வலி கூடும் என்பதை அன்று எங்களுக்குச் சொல்வார் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பார்த்தார். "பொன்னு கேக்குதடி புள்ளை. ஒரு குந்துமணிப் பொன்னாவது கழுத்துல படணும்" என்றார்.

எங்கள் வீட்டில் பொன்னிறம் கொண்ட பொருள், தாலிக்கயிற்றில் கோத்த மஞ்சள் ஒன்றுதான். 'பொன் வைக்கும் இடத்தில் பூ வை' என்பார்கள். ஆனால் இந்த நோய் பூவுக்கு இறங்கி வராதாம், பொன்னேதான் வேண்டுமாம்! அம்மா பண்ணை வீட்டின் பின்வாசலில் போய் நின்றார். அரை நாள் நின்ற பிறகு, சங்கிலி ஒன்று கிடைத்தது. சும்மா அன்று, கூலியில்லாமல் இரண்டு நாள் களையெடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. காய்ச்சலில் கிடந்த குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு, அம்மா பண்ணை வயலில் குனிந்து நின்றார். குழந்தைக்கு அப்போது தேவைப்பட்டவை தாயின் மடியும், கஞ்சியும், நிறையத் தண்ணீரும். கிடைத்ததோ இன்னொருவர் சங்கிலி.

மூன்றாம் நாள் மாலை பண்ணையிலிருந்து ஆள் வந்தான். அந்த வீட்டுப் பிள்ளைக்கும் வீக்கம் கண்டுவிட்டதாம். சங்கிலி உடனே வேண்டுமாம். தங்கையும் அவனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து அமர்ந்த அம்மா, நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்தப் புள்ளை கழுத்துல பொறந்ததுலேருந்து பொன்னு கெடக்குதே. அப்புறம் அதுக்கு ஏன்டா வீங்குச்சு?"

எழுத்தறியாத என் தாயின் அந்தக் கேள்விக்கு ஊரில் எவரும் விடை சொல்லவில்லை. பொன்னுக்காக வீங்குவது உண்மையானால், பொன்னுள்ள வீட்டில் அந்த நோய் எட்டிப் பார்க்கவே கூடாதன்றோ?

எட்டாம் நாள், கழுத்தில் கயிறுகூட இல்லாமல், தங்கையின் வீக்கம் வடிந்தது. கதை அங்கே முடிந்திருந்தால் நான் எழுதப் புகுந்திருக்கமாட்டேன். அடுத்த ஆண்டு பள்ளி ஆசிரியர் ஒருவர், வலப்பக்கம் நின்று அழைத்தால் அவள் திரும்புவதில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார். நகரத்து மருத்துவர் சோதித்துப் பார்த்து, அந்தக் காய்ச்சலின்போதே வைரஸ் உட்செவியைத் தாக்கியிருக்கிறது, வலச்செவியின் கேட்கும் ஆற்றல் இனி மீளாது என்றார். இத்தகைய கேடு மிக அரிதாகவே நேரும் என்றும் சொன்னார். அரிது என்பது கணக்கில் சிறிய எண். நேர்ந்த வீட்டுக்கு அதுவே முழு எண்.

அப்போதும் ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? "பொன்னை மூன்றாம் நாளே கழற்றியதால் வந்த வினை!" பழி முழுதும் என் தாயின் தலையில் விழுந்தது. தோழர்களே, மடமையின் சூழ்ச்சி இங்கேதான் இருக்கிறது. வீக்கம் வடிந்தால் பொன்னுக்குப் புகழ். வடியாவிட்டால் பொன் போதவில்லை என்ற பழி. வென்றாலும் பொன்னுக்கே வெற்றி, தோற்றாலும் பொன்னுக்குத் தோல்வியில்லை. எந்த முடிவு வந்தாலும் பொய்யாகாத கூற்று, உண்மையாக இருப்பதனால் பிழைத்திருக்கவில்லை. சோதனைக்கே உட்படாததனால் பிழைத்திருக்கிறது. அறிவியல் அப்படியன்று. 'இது நடந்தால் நான் சொன்னது தவறு' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அது சோதனைக்கூடத்துக்குள் நுழைகிறது.

* * *

பொன்னுக்கு வீங்கியல்லாத வீக்கங்களையும் பார்ப்போம். ஏனெனில் பொன் மிகப் பெரிய தீங்கு செய்வது அங்கேதான்.

1881 ஆம் ஆண்டு ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டார். குண்டைத் தேடி மருத்துவர்கள் தூய்மை செய்யாத விரல்களையும் கருவிகளையும் காயத்துக்குள் செலுத்தினர். சரியாக உண்ண முடியாமல் உடல் வற்றிப் பல வாரம் கிடந்தவருக்கு, ஆகஸ்டு மாதத்தில் வலப்பக்கச் செவியடிச் சுரப்பி வீங்கிச் சீழ் கட்டியது. செப்டம்பர் 19 அன்று உயிர் பிரிந்தது. வெள்ளை மாளிகையில் பொன்னுக்கா பஞ்சம்? வீங்கியது பொன்னுக்காக அன்று. நீர் வற்றிய உடலில் உமிழ்நீரும் வற்றும். ஓடாத குழாயில், வாயிலுள்ள கிருமிகள் எதிரேறிச் சுரப்பிக்குள் புகுந்து பெருகும். முதியோர், அறுவை முடிந்து உண்ணாமல் கிடப்போர், உமிழ்நீரைக் குறைக்கும் மாத்திரைகளை உட்கொள்வோர் ஆகியோருக்கு இந்த இடர் மிகுதி. இதற்குப் பெரும்பாலும் காரணமாவது ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. அன்று அதை அடக்க மருந்து இல்லை. இன்று உயிர்எதிரி மருந்துகள் உள்ளன. காலத்தே கொடுத்தால் நோயாளி பிழைப்பார். சங்கிலி போட்டுக்கொண்டு காத்திருந்தால்?

இனி, கல். அச்சகத்தில் எழுத்துக் கோத்த தோழர் ஒருவர் எனக்கு நெருங்கிய நண்பர். உண்ண உட்கார்ந்தால் அவருக்குத் தாடையின் கீழ் ஒரு பக்கம் எலுமிச்சம்பழ அளவு வீங்கும், வலிக்கும், ஒரு மணி நேரத்தில் வடியும். மறுவேளை மீண்டும் வீங்கும். மாமியார் ஒரு மோதிரத்தை நூலில் கோத்துக் கழுத்தில் கட்டினார். நாமக்கட்டியை உரைத்துப் பூசினார். தோழர் தன்மான இயக்கத்தில் வளர்ந்தவர். ஆயினும், 'முதியவர் மனம் நோக வேண்டாம், கட்டினால் என்ன கெட்டுவிடும்?' என்று விட்டுவிட்டார். வேளைக்கு வேளை வடிந்ததால், மோதிரம் வேலை செய்கிறது என்றே வீட்டார் நம்பினர். நான்கு மாதம் கழிந்து, காய்ச்சல் கண்டு, நாவின் அடியில் சீழ் வந்த பிறகே அரசு மருத்துவமனைக்குப் போனார்.

அங்கே மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "சாப்பிடும்போது வீங்குகிறதா?" என்பதே. பிறகு ஒரு விரலை நாவின் அடியிலும், மற்றொரு கையைத் தாடையின் வெளிப்புறத்திலும் வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். நெல்மணி அளவு கல் ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. தாடைக்கீழ்ச் சுரப்பியின் உமிழ்நீர் சற்றுக் கெட்டியானது. அதன் குழாய் நீண்டது, கீழிருந்து மேல்நோக்கிச் செல்வது. ஆகவே உமிழ்நீர்க் கற்களில் பெரும்பாலானவை அங்கேதான் உருவாகின்றன. உண்ணும்போது சுரக்கும் நீர், கல்லைத் தாண்ட முடியாமல் தேங்குவதால் வீக்கம். மெல்லக் கசிந்து வெளியேறியதும் வடிவு. மோதிரத்தின் மகிமை இதுவே! கிருமியை மருந்தால் அடக்கிய பின், குழாயின் வாயைச் சிறிது கீறிக் கல்லை எடுத்தனர். நான்கு மாத வேதனை அன்றோடு முடிந்தது.

சிறு கல்லாயின் நிறைய நீர் பருகி, சுரப்பியை இதமாக நீவி, வெதுவெதுப்பான ஒற்றடம் கொடுத்து, எலுமிச்சை போன்ற புளிப்பைச் சுவைத்து உமிழ்நீரைப் பெருக்கினாலே வெளியேறிவிடுவதுண்டு. பொன்னுக்கு வீங்கியில் துன்பம் தரும் அதே புளிப்பு, கல்லுக்கு மருந்தாவதைக் கவனியுங்கள். நோய் இன்னதென்று அறியாமல் செய்யும் மருத்துவம் எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இப்போது மயிரிழை போன்ற உள்நோக்குக் கருவியைக் குழாய்க்குள் செலுத்திக் கல்லை எடுக்கும் முறையும் வந்துள்ளது.

இன்னும் சில உண்டு. கண்ணும் வாயும் வறண்டு, செவியடிச் சுரப்பிகள் அடிக்கடி வீங்கினால் அது உடலின் தற்காப்பு அமைப்பு தன்னையே தாக்குவதால் வருவதாக இருக்கலாம். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஷோகிரென் 1933 ஆம் ஆண்டு விரித்துரைத்த நோய் அது. பெண்களையே மிகுதியும் தாக்கும். வலியே இல்லாமல், கெட்டியாக, வாரக்கணக்கில் வளரும் வீக்கம் கட்டியாக இருக்கலாம். அதனோடு முகம் ஒரு பக்கம் கோணினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மருத்துவர் இவற்றை எவ்வாறு பிரித்தறிகிறார்? எத்தனை நாளாக, ஒரு பக்கமா இரு பக்கமா, உணவின்போதா எப்போதுமா, தெருவில் வேறு பிள்ளைகளுக்கு உண்டா என்று கேட்கிறார். காதுமடலை மேலே தள்ளித் தாடையின் மூலையை மறைக்கும் வீக்கமா, கழுத்து நெறிக்கட்டா என்று பார்க்கிறார். கன்னத்தின் உட்புறம் குழாயின் வாயில் சீழ் கசிகிறதா என்று சுரப்பியை அழுத்திப் பார்க்கிறார். வேண்டுமானால் இரத்தச் சோதனை, கன்னத்தின் உட்புறம் தடவியெடுத்த உமிழ்நீரில் வைரஸ் சோதனை, கல்லையும் சீழையும் காட்டும் ஒலியலைப் படம், கட்டியென்று ஐயுற்றால் ஊசியால் திசு எடுத்தல் - இவ்வாறு படிப்படியாகச் செல்கிறார். கேள்வி, பார்வை, தொடுகை, சோதனை: பகுத்தறிவு என்று நாம் மேடையில் சொல்வதை அவர் மேசையில் செய்கிறார்.

பொன்னுக்கு வீங்கி என்று உறுதியானால், வைரஸைக் கொல்லும் மருந்து இதற்கு இல்லை. உயிர்எதிரி மருந்தும் பயனில்லை. ஓய்வு, நிறைய நீர், மெல்ல வேண்டாத உணவு, காய்ச்சலும் வலியும் தணியப் பாரசிட்டமால் - இவை போதும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. வீக்கம் தோன்றி ஐந்து நாள் பள்ளிக்கு அனுப்பாமல் தனியே வைக்க வேண்டும். கடுந்தலைவலி, ஓயாத வாந்தி, கழுத்து விறைப்பு, கடும் வயிற்றுவலி, செவி கேளாமை, விதைப்பை வீக்கம் - இவற்றுள் ஒன்று கண்டாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பருவம் எய்திய பின் இந்நோய் கண்ட, தடுப்பூசி போடாத ஆண்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேர் வரை விதைப்பை அழற்சி காண்பதுண்டு. 'ஆண்மை போய்விடும்' என்று ஊர் அச்சுறுத்தும். ஆனால் பெரும்பாலும் ஒரு பக்கமே தாக்கப்படுவதால் மலடாவது அரிது. அச்சமூட்டும் பொய்யும் வேண்டாம். ஆறுதலூட்டும் பொய்யும் வேண்டாம்.

* * *

இனி, நம் சங்கிலி செய்யமுடியாததை ஒரு மனிதர் செய்த கதை.

மாரிஸ் இல்மன் அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தில் 1919 ஆம் ஆண்டு பிறந்தவர். பிறந்த இரண்டாம் நாளே தாயை இழந்தவர். கோழி வளர்த்து உழைத்து வளர்ந்தவர். பள்ளிப் பருவத்தில் தேவாலயத்தில் அமர்ந்து டார்வின் நூலைப் படித்துப் பிடிபட்டவர் என்று அவர் வரலாறு கூறுகிறது. 1963 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு நள்ளிரவில், அவருடைய ஐந்து வயது மகள் ஜெரில் லின் தொண்டை வலிக்கிறதென்று எழுப்பினாள். கன்னம் வீங்கியிருந்தது. தாயை இழந்து சில மாதமே ஆன குழந்தை. அவளைப் படுக்க வைத்துவிட்டு, ஆய்வுக்கூடத்துக்குச் சென்று கருவிகளை எடுத்து வந்து, குழந்தையின் தொண்டையைப் பஞ்சால் தடவியெடுத்துப் பாதுகாத்தார். அந்த வைரஸைக் கோழிக் கருவிலும், கோழிக்கரு அணுக்களிலும் திரும்பத் திரும்ப வளர்த்து வலிமை குன்றச் செய்தார். 1966 இல் தம் இளைய மகளுக்கும் அந்தத் தடுப்பூசி போடப்பட்டது. 1967 இல் அதற்கு உரிமம் கிடைத்தது. 1971 இல் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் ஒரே ஊசி வந்தது. அந்த வைரஸ் வகைக்கு இன்றும் 'ஜெரில் லின்' என்றே பெயர். அங்கே, நோயுற்ற குழந்தையின் பெயரை மருந்துக்குச் சூட்டினர். இங்கே, பொன்னின் பெயரை நோய்க்குச் சூட்டினோம்.

தடுப்பூசித் திட்டத்துக்கு முன், அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,86,000 பேருக்கு இந்நோய் கண்டதாகப் பதிவாயிற்று. பிறகு அது நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் குறைந்தது. குறையே இல்லாத காப்பா? இல்லை. இரண்டு தவணை போட்டாலும் காப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 86 பங்கே; ஆண்டுகள் செல்லச் செல்லச் சற்றுக் குன்றும். 2006 இல் அங்கே ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் கல்லூரி மாணவர், நோயுற்றனர். ஆயினும் தடுப்பூசி போட்டவர்க்குக் கேடுகள் குறைவு. கருவுற்ற பெண்களுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றியோர்க்கும் இந்த ஊசி போடலாகாது. இவற்றையெல்லாம் மறைக்காமல் சொல்ல அறிவியலுக்கு நாணமில்லை. தன் குறையைத் தானே அளந்து சொல்லும் சங்கிலி எங்கேனும் உண்டா?

மடமை கிழக்கில் மட்டும் பிறப்பதன்று. 1998 இல் வேக்ஃபீல்டு என்னும் ஆங்கில மருத்துவர், இந்த ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்புண்டு என்று எழுதினார். 2010 இல் அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே அதைத் திரும்பப் பெற்றது. மருத்துவர் பட்டியலிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019 இல் வெளிவந்த ஆய்வும் அத்தகைய தொடர்பு இல்லையென்று காட்டியது. ஆனால் பொய் ஓய்ந்தபாடில்லை. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது, கைப்பேசி வழியே வதந்தி வீடு வீடாகப் புகுந்தது; பெற்றோர் பலர் பிள்ளைகளை மறைத்தனர். பாட்டியின் சங்கிலியைப் பார்த்துச் சிரிக்கும் படித்த இளைஞனே, அந்த வதந்தியை உன் கைப்பேசியிலிருந்து அனுப்பாமல் இருந்தாயா?

அந்த அரசு முகாமில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் காப்பு இருந்தது; பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம், மூன்றுக்குமான ஊசியை 9 ஆம் மாதம், 15 ஆம் மாதம், 4 முதல் 6 வயதுக்குள் என மூன்று தவணை போடப் பரிந்துரைக்கிறது. தனியார் மருத்துவமனையில் விலை கொடுத்தால் கிடைக்கும். 2024 இல் கேரளத்தில் பல்லாயிரம் பிள்ளைகள் இந்நோய்க்கு ஆளான பிறகு, அரசுத் திட்டத்தில் இதைச் சேர்க்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. ஆக, பொருள் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஊசி. பொருள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இரவல் சங்கிலி! பொன்னுக்கு வீங்கி என்ற பெயர் இந்த ஒரு பொருளில் மட்டும் மெய்யாகிறது.

* * *

'போட்டால் என்ன கெட்டுவிடும்?' என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம்.

தங்கம் தோலைச் சுடாது, உண்மை. ஆனால் சங்கிலி போட்டாயிற்று என்ற நிம்மதியில், கல்லும் சீழும் கட்டியும் மாதக்கணக்கில் மறைந்து வளர்கின்றன. அந்த நிம்மதியில், தனியே இருக்க வேண்டிய பிள்ளை பள்ளிக்குப் போய்ப் பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வருகிறது. யாவற்றினும் மேலாக, மருந்து கழுத்திலேயே இருக்கிறது என்று நம்புகிறவன், ஊசி எங்கே என்று அரசைக் கேட்கமாட்டான். கெடுவது இதுதான்: கேட்கும் உரிமை.

பெரியம்மையை அன்னையின் வருகை என்று நம்பி, வேப்பிலை கட்டிக் காத்திருந்த நாடு இது. 1980 ஆம் ஆண்டு மே 8 அன்று, பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று உலக நலவாழ்வுப் பேரவை அறிவித்தது. ஒழித்தது வேண்டுதலன்று, தடுப்பூசி. ஊர் ஊராக, குடிசை குடிசையாகச் சென்ற பணியாளர்களின் கால்நடை.

அந்தக் கால்நடை நமக்கும் வேண்டும், தோழர்களே. உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குக் கன்னம் வீங்கினால், சங்கிலி போட்ட தாயை ஏளனம் செய்யாதீர்கள். அவள் அன்புக்குக் குறைவில்லை, அவளிடம் செய்தி சேரவில்லை. தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நாள் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். எந்த அறிகுறி கண்டால் மருத்துவமனைக்கு ஓட வேண்டுமென்று எழுதிக் கொடுங்கள். வாரங்கடந்தும் வடியாத வீக்கத்தை மருத்துவரிடம் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். பிறகு படிப்பகத்தில் கூடி, இந்த ஊசி ஏழைப் பிள்ளைக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, உங்கள் சட்டமன்ற உறுப்பினர் கையில் கொடுங்கள்.

வீக்கம் பொன்னைக் கேட்கவில்லை, ஒருபோதும் கேட்டதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்; கேட்க வேண்டியது ஊசியை.